ஞாயிறன்று ஓடாதவர்



1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால், கர்த்தருடைய நாளென்று ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல் அதில் ஓடவில்லை. பின்னர் 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றார். மறு ஆண்டே புகழைத் துறந்து சீனாவின் தியான்ஜினில் அறிவியல் ஆசிரியரானார். போர்க்காலத் தடுப்பு முகாமிலோ, நடுவரின்றிச் சண்டையிட்ட பிள்ளைகளுக்காக ஞாயிறன்றும் ஆட்டத்திற்கு நடுவராய் நின்றார். 1945இல் அம்முகாமிலேயே மறைந்தார்.

நான் ஞாயிறுதோறும் தவறாது தேவாலயம் செல்பவன். ஆயினும் சென்ற வாரம், ஓய்வு நேரத்தில் கணக்கில் ஐயம் கேட்டு வந்த மாணவனை, "நாளை வா" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அவன் வரவில்லை.

கீழ்ப்படிதல் விதியைக் காப்பதோடு முடிவதன்று. ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்காக நம் வசதியை விட்டுக்கொடுப்பதும் அதுவே. நாளை நானே அவனைத் தேடிச் செல்வேன்.