இரண்டாம் தேனிலவு

தேனிலவு என்பது தமிழுக்குப் பழைய சொல்லன்று. மேலைநாட்டார் வழக்கைப் பெயர்த்து நாம் ஆக்கிக்கொண்ட சொல் அது. மணமக்களை உற்றார் வீடுதோறும் விருந்துக்கு அழைத்து, போதும் போதும் என்னும் அளவுக்கு உண்ணச் செய்வதே நம் பழைய முறை. இருவரையும் அயல்நிலம் ஒன்றிற்குத் தனியே அனுப்பி, அங்கே ஒருவரையொருவர் அறிந்துகொள்ளட்டும் என விட்டுவிடுவது வேறு முறை. இன்பச் செலவு என்று அதனைச் சொல்லுகிறோம். ஆயினும் அது ஒரு தேர்வும் ஆகும். வழி தவறும்; உணவு ஒவ்வாது; மொழி விளங்காது; பொறுமை குறையும். மணமேடையில் மாலைக்குள் மறைந்திருந்த முகம் அங்கேதான் முழுமையாக வெளிப்படும்.

துப்பறியும் கதைகளால் உலகறிந்த அகதா கிறிஸ்டி அம்மையார் இத்தேர்வை இருமுறை எழுதியவர். இருமுறையும் தேனிலவு கடற்கரையில் தொடங்கியது. இருமுறையும் புதுக்கணவரைக் கடமை வந்து அழைத்துக்கொண்டு போயிற்று. விளைவு மட்டும் ஒன்றாக இல்லை.

முதல் திருமணம் 1914ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் பிரிஸ்டல் நகரில் நடந்தது. முதல் உலகப்போர் மூண்டு சில திங்களே ஆகியிருந்தன. மணமகன் ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டி வான்படை அதிகாரி. சின்னாள் விடுப்பில் வந்தவர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டார்க்கி நகரம் அம்மையார் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே கடலை நோக்கிய விடுதியில் ஓர் இரவு தங்கினர். அவ்வளவே தேனிலவு. கணவர் போர்முனைக்குத் திரும்பினார். மனைவி மருத்துவமனைத் தொண்டுக்குத் திரும்பினார். நாட்டின் அழைப்பை எவர் மறுக்க முடியும்? அப்பிரிவு அவர்களைப் பிரிக்கவில்லை. போர் முடிந்தது, மகள் பிறந்தாள், புகழ் வந்தது, வீடும் வண்டியும் வந்தன. 1926இல் அம்மையாரின் தாயார் மறைந்தார். அத்துயரில் தோள் கொடுக்க வேண்டிய நேரத்தில் கணவர் தாம் வேறொருத்தியை விரும்புவதாகச் சொன்னார். 1928இல் மணமுறிவு ஏற்பட்டது. போர்முனையிலிருந்து உயிரோடு மீண்ட கணவர், அமைதிக் காலத்தில் வீட்டை விட்டு நீங்கினார்.

அவ்வாண்டின் இறுதியில் அம்மையார் தனியே கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். இரயிலில் டமாஸ்கஸ் வரையும், பின் பேருந்தில் பாலைவனத்தைக் கடந்து பாக்தாத்து வரையும் சென்று, அங்கிருந்து ஈராக்கின் தென்பகுதியில் பழஞ்சுமேரிய நகரமாகிய ஊரில் நடந்த அகழாய்வைக் கண்டார். அந்நகரத்தின் பெயரே ஊர் என்பதுதான். நம் காதுக்கு அது விந்தையாக ஒலித்தாலும், ஒலி ஒற்றுமை கண்ட அளவில் முடிவு கட்டிவிடக் கூடாது. அகழாய்வை நடத்தியவர் லெனார்ட் ஊலி என்னும் பேரறிஞர். 1930இல் அம்மையார் மீண்டும் சென்றபோது, அவருக்குச் சுற்றுப்புறங்களைக் காட்டி அழைத்துச் செல்லும் பொறுப்பு மாக்ஸ் மல்லோவன் என்னும் இளம் உதவியாளருக்குத் தரப்பட்டது. வழியில் பாலைவனத்து மணலில் வண்டி புதைந்துவிட்டது. ஆடவர்கள் சக்கரத்தை மீட்கப் போராடிக்கொண்டிருக்க, அம்மையார் புலம்பவில்லை, பதறவும் இல்லை. வண்டியின் நிழலில் படுத்து உறங்கிவிட்டார். இவரே தமக்கு ஏற்ற துணைவி என்று அப்பொழுதே மாக்ஸ் எண்ணினாராம். பெண் பார்க்கும் முறைகளுள் இதுவும் ஒன்று போலும்!

மாக்ஸ் மணம் பேசியபோது அம்மையார் உடனே இசையவில்லை. அவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது, மாக்ஸுக்கு இருபத்தாறு. தமக்கையார் வன்மையாக எதிர்த்தார். வயது வேற்றுமை வெளிப்படையான தடை. ஒருமுறை நம்பி ஏமாந்த நெஞ்சம் மறுமுறை நம்ப அஞ்சியது உள்ளே இருந்த தடை. இறுதியில் இசைந்தார். 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் எடின்பரோ நகரத் தேவாலயம் ஒன்றில் திருமணம் ஆரவாரமின்றி நடந்தது. மணம் முடிந்ததும் மாக்ஸ், ஊர் அகழாய்வுக்குரிய எஞ்சிய பணியை முடிக்க இலண்டனுக்கு விரைந்தார். தேனிலவு தொடங்குமுன்னரே பணி ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

பயணத் திட்டம் முழுவதும் மாக்ஸுடையது. எங்கே போகிறோம் என்பதை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. கதைகளில் உலகத்தையே திகைக்க வைத்தவர் தம் பயணத்தில் அடுத்த பக்கம் என்னவென்று அறியாமல் பின்தொடர்ந்தார். முதலில் வெனிஸ், அடுத்து ஏட்ரியாடிக் கடலின் கீழைக்கரையாகிய டல்மேசியா. அக்காலத்தில் அது யுகோசுலாவிய அரசின் பகுதி; இன்று பெரும்பாலும் குரோவேசிய நாட்டில் அடங்கும். கரையை ஒட்டியே சுண்ணாம்புக்கல் மலைகள் சுவர்போல் எழுந்து நிற்கும். எதிரே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். அலை சீறி மோதும் வெளிக்கடலுக்கும் கரைக்கும் இடையே அத்தீவுகள் காவல் நிற்பதால், பல இடங்களில் நீர் குளம்போல் அமைதியாக இருக்கும். அடித்தளத்துக் கற்களும் தெரியும் தெளிந்த நீர் அது.

டுப்ரோவ்னிக் நகரில் கோட்டை மதிலே கடலின் கரை. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுள்ள அம்மதிலின் மேல் நடந்தே நகரத்தைச் சுற்றிவரலாம். ஒரு பக்கம் செங்கூரைகள், மறுபக்கம் நீலக்கடல். அங்கிருந்து ஸ்பிலிட் நகருக்குச் சென்றனர். உரோமப் பேரரசர் டயோக்ளீசியன் கி.பி. 305இல் முடி துறந்தபின் வாழ்ந்த அரண்மனை அங்கே உள்ளது. ஓர் அரண்மனைக்குள்ளேயே ஓர் ஊர் குடியேறி, தூண்களுக்கிடையே கடைகளும் குடில்களும் அமைத்துக்கொண்டு, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவருவதை வேறெங்கும் காண்பது அரிது.

ஒரு மாலை, இருவரும் அந்நகரத் தெருக்களில் உலாவிக்கொண்டிருந்தபோது, ஒரு மூலை திரும்பியதும் வானளாவ நின்ற வெண்கலச் சிலை ஒன்று அவர்களை நிறுத்திவிட்டது. நின் நகரத்து ஆயர் கிரிகோரியின் உருவம் அது. சிற்பி இவான் மெஸ்த்ரோவிச் வடித்த அச்சிலை 1929இல் அரண்மனையின் முற்றத்தில் நிறுத்தப்பட்டது. எட்டு மீட்டருக்கும் மிகுந்த உயரம். ஒரு கையில் நூல். மறுகை விரல் உயர்த்தி எதையோ வற்புறுத்தும் தோற்றம். அவர் வற்புறுத்தியது என்ன என்பதை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்வது நன்று. பத்தாம் நூற்றாண்டில், இறைவழிபாடு இலத்தீனில் மட்டுமின்றி மக்கள் பேசும் மொழியிலும் நடைபெற வேண்டும் என்று வாதாடியவர் என அம்மக்கள் அவரைப் போற்றுகின்றனர். தாய்மொழிக்காக உயர்ந்த விரல் அது. இரண்டாம் உலகப்போரின்போது நகரைக் கைப்பற்றிய இத்தாலியர் 1941இல் அச்சிலையை அங்கிருந்து அகற்றினர். 1954 முதல் அரண்மனையின் வட வாயிலுக்கு வெளியே அது நிற்கிறது. வருவோர் போவோர் நற்பேறு வேண்டித் தடவித் தடவி அதன் கால்விரல் மட்டும் பொன்போல் மின்னுகிறது. அம்மையார் அச்சிலையைக் கண்ட கணத்தை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

பின்னர், ஸ்ர்பின் என்னும் சிறிய சரக்குக் கப்பலில் ஏறிக் கரையோரமாகவே தெற்கு நோக்கிச் சென்றனர். பயணிகள் ஒரு சிலரே. சரக்கு ஏற்றவும் இறக்கவும் துறைதோறும் கப்பல் நிற்கும். நின்ற இடத்தில் இறங்கி நடக்கலாம். கப்பல் கூவி அழைத்தால் திரும்பி வரலாம். பெருங்கப்பலில் செல்வோர் கடலைப் பார்ப்பர். இத்தகைய கப்பலில் செல்வோரே கடற்கரையைப் பார்ப்பர். அவசரமில்லாத அந்த நாள்களே அப்பயணத்தின் இனிய பகுதி எனலாம். இனிமையாகக் கழிந்த நாள்களைப் பற்றி எழுத மிகுதியாக ஒன்றும் இருப்பதில்லை.

கிரேக்க நாட்டின் பட்ராஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் தேர்வு தொடங்கியது. ஒலிம்பியாவுக்குச் செல்லும் சிறு தொடர்வண்டியில் பூச்சிகள் கடித்து அம்மையாரின் கால்கள் வீங்கின. மறுநாள் காற்சட்டைத் துணியைக் கிழித்துவிட வேண்டியதாயிற்று. அடுத்து மலையூராகிய அந்திரித்சேனாவுக்குக் கோவேறு கழுதைமேல் பயணம். அவ்வூருக்கு அருகே, 1,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், அப்பொல்லோ தெய்வத்திற்குக் கட்டிய பாசே கோயில் தனித்து நிற்கிறது. ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலை ஆக்கிய இக்தினோஸ் என்னும் கலைஞனே அதனையும் கட்டினான் என்பது பழைய கிரேக்க நூலாசிரியர் கூற்று. தொல்பொருள் ஆய்வாளர் ஒருவருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் வழி பதினான்கு மணி நேரம். கல்லும் முள்ளும் நிறைந்த மலைச்சரிவில் கழுதையின் முதுகில் குலுங்கிக் குலுங்கிச் சென்ற அம்மையார், ஊர் சேர்ந்தபோது பேசவும் வலுவற்றுப் போனார். மணந்த பெண்ணை இப்படிப் படுத்துவதா என்னும் பொருள்படத் தாம் கணவரைக் கடிந்துகொண்டதை அவரே பிற்காலத்தில் தன்வரலாற்றில் நகைச்சுவையோடு எழுதினார். மாக்ஸ் கலங்கிப் போனார். இளமை தன் கால்வலிமையைக் கொண்டே பிறர் கால்களையும் அளந்துவிடும். அன்று அவர் வேறோர் அளவுகோலைக் கற்றுக்கொண்டார். அம்மையாரும் ஒன்று கற்றார். சினத்தை உள்ளே பூட்டிவைக்காமல் இவரிடம் சொல்லலாம், சொன்னால் கேட்பார். முதல் மணத்தில் அவருக்கு வாய்க்காத பேறு இது என்று கருதுவதில் தவறில்லை.

தெல்பி நகரை அடைந்தபோது பழைய களைப்பெல்லாம் மறைந்தது. மலைமடியில், கீழே ஒலிவமரக் காடும் தொலைவில் கடலும் தெரிய நின்ற அந்த இடத்தின் அழகில் மயங்கி, இங்கே ஒரு சிறு வீடு கட்டினால் எங்கே கட்டலாம் என்று இருவரும் இடம் தேடிப் பார்த்தனர். அவ்வீடு கட்டப்படவே இல்லை. கட்டாத வீட்டுக்கு இடம் பார்ப்பதும் இல்லறத்தின் ஒரு பகுதிதான்.

ஏதென்ஸில் இடி விழுந்தது. கடலுணவு ஒவ்வாமல் நஞ்சாகி, அம்மையார் கடும் நோயில் படுத்தார். மாக்ஸோ, அக்டோபர் நடுவில் பாக்தாத்தில் இருப்பதாக ஊலிக்கு வாக்களித்திருந்தார். நாள் நெருங்கிவிட்டது. நம் அகப்பொருள் இலக்கணத்தில் செலவழுங்கல் என்று ஒரு துறை உண்டு. வினைமேற்செல்ல எழுந்த தலைவன், தலைவியின் துயர் கண்டு, அடியெடுத்து வைக்க மாட்டாமல் தயங்கி நிற்கும் நிலை அது. அவ்விலக்கணத்திற்கு ஏதென்ஸின் விடுதியறை ஒன்று இலக்கியமாயிற்று. மாக்ஸ் போக மனமில்லாமல் நின்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னவர் படுக்கையில் கிடந்த அம்மையாரே. மருத்துவம் பார்த்த கிரேக்க மருத்துவர் திகைத்தார். நோயுற்ற புதுமனைவியை அயல்நாட்டில் விட்டுக் கணவன் செல்வதும், அதற்கு மனைவியே உடன்படுவதும் அவருடைய உலகில் இல்லாதவை. மணமான சின்னாளிலேயே மாற்றல் கடிதம் பெற்று, தொலைவிலுள்ள தோட்டப் பள்ளிக்குப் பெட்டியோடு போன ஆசிரியர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு அந்த அறையின் அமைதி ஓரளவு விளங்கும்.

மாக்ஸ் சென்றார். அம்மையார் சற்றுத் தேறியதும் தனியே இரயிலேறி இங்கிலாந்து திரும்பினார். அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த மாக்ஸ் கண்டது என்ன? ஊலி தம்பதியர் இன்னும் வந்து சேரவில்லை! அச்செய்தியைப் படிக்கும்போது எவருக்கும் எரிச்சல் உண்டாகும். ஏதென்ஸில் இன்னும் சில நாள் அவர் இருந்திருக்கலாம் அன்றோ?

1914இல் கணவரைப் போரிடம் ஒப்படைத்த அதே பெண்மணிதான் 1930இல் கணவரைப் பணியிடம் ஒப்படைத்தார். முதற்பிரிவில் அவர் கேட்க இடமில்லை; ஆணை வந்தது, கணவர் சென்றார். இரண்டாம் பிரிவில் கணவர் தயங்கினார், அவர் அனுப்பிவைத்தார். அனுப்பப்பட்டவர் அதை மறக்கவில்லை. ஊர் அகழாய்வு முகாமில் அம்மையார் உடன் தங்க இடமில்லை என்பது முன்பே தெளிவாக்கப்பட்டிருந்தது. மாக்ஸ் அந்தப் பருவத்தை ஒழுங்காக முடித்தார். பின் ஊலியிடமிருந்து விடைபெற்றார். 1931இல் இருவரும் பாரசீகம், சோவியத் நாடு வழியாக ஒன்றாகவே வீடு திரும்பினர். மனைவியை உடன் வைத்துக்கொள்ள இசைந்த வேறோர் அறிஞரின் தலைமையில், ஈராக்கின் வடபகுதியில் உள்ள நினிவே அகழாய்வில் மாக்ஸ் சேர்ந்தார். அதன்பின் பணிக்காலங்களில் பெரும்பகுதியை ஒன்றாகவே கழித்தனர். 1976இல் அம்மையார் மறையும் வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் அத்திருமணம் நிலைத்தது.

நினிவேயில் தட்டச்சுப்பொறியை வைத்து எழுத அம்மையாருக்கு ஆட்டங்காணாத மேசை ஒன்று வேண்டியிருந்தது. முகாமில் இருந்தவை அதற்குப் போதா. மோசுல் நகரக் கடைத்தெருவுக்குப் போய்ப் பத்துப் பவுன் கொடுத்து ஒரு நல்ல மேசை வாங்கினார். சிக்கனமே உருவான அகழாய்வுத் தலைவர், இவ்வளவு விலையில் ஒரு மேசையா என்று வாய்பிளந்தார். அம்மையார் பொருட்படுத்தவில்லை. மண்ணைத் தோண்டிக் கணவர் நாள்முழுதும் குழிக்குள் நிற்க, எட்டும் தொலைவில் அந்த மேசையில் அமர்ந்து, எட்ஜ்வேர் பிரபு கொலையுண்ட கதையை அவர் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தார்.