'ஆட்டு மந்தை' என்று திட்டலாமா? மேய்ப்பன் பாடலில் ஆடு சொல்லும் சாட்சி!

யோசிக்காமல் அடுத்தவர் பின்னால் போகிறவர்களை 'ஆட்டு மந்தை' என்று திட்டுவது தமிழில் சகஜம். ஆனால், பைபிளின் 23-ம் சங்கீதத்தில் மனிதன் விரும்பியே தன்னை ஆடாகப் பாவித்துக்கொள்கிறான். ஆறே வசனங்கள் கொண்ட பாடல். கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். துக்க வீட்டில் பெரியவர்கள் வாசிப்பார்கள். யாருக்கும் அது கேவலமாகத் தோன்றுவதில்லை. ஏன்?

ஆடு மேய்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அதற்கு பெத்லகேம் வரை போக வேண்டாம். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கும் திருப்பாச்சூர் பக்கம் போனாலே போதும்.

'மெட்ராஸ் ரெட்' என்ற செம்மறி இனத்துக்கு இந்த வட்டாரம்தான் சொந்த மண். பட்டியைத் திறக்கும்போதே மேய்ப்பவரின் மனசுக்குள் கணக்கு ஓடும். எந்தத் தரிசில் புல் மிச்சமிருக்கிறது, எந்த ஏரியில் தண்ணீர் கிடக்கிறது, எந்த வயலில் நேற்று மருந்து அடித்தார்கள்? கோடையில் புல் கருகிவிட்டால் தொரட்டியால் வேலங்காயை உலுக்கிப் போட வேண்டும். வழியில் பிறந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ராத்திரி கிடை போட்டால் ஆடுகள் தூங்கும். அவர் அரைத் தூக்கம்தான். நரியும் வரலாம், திருடனும் வரலாம்.

இப்போது அந்தப் பாடலுக்கு வருவோம். அதில் வரும் பசும்புல்லும் அமைதியான தண்ணீரும் அழகுக்காகச் சேர்த்தவை அல்ல. யூதேயா வறண்ட மலைப்பூமி. அங்கே மேய்ச்சலும் தண்ணீரும் யாராவது தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிப் போனால்தான் உண்டு. வேகமாக ஓடும் தண்ணீரில் வாய் வைக்க ஆடு தயங்கும். அதனால்தான் அமைதியான தண்ணீர். கோலும் தடியும்கூட அலங்காரம் இல்லை. பாய வரும் மிருகத்தை விரட்டவும், வழி தவறும் ஆட்டைத் திருப்பவும் வைத்திருக்கும் கருவிகள். இந்தப் பாடல் தாவீதுடையது என்பது மரபு. அவரே சிறுவயதில் ஆடு மேய்த்தவர். சிங்கத்திடமும் கரடியிடமும் போராடி ஆட்டை மீட்டதாக சவுல் அரசனிடம் சொன்னவர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புல்லும் தண்ணீரும் இருக்கும்வரை மேய்ப்பரைப் பற்றி 'அவர்' என்று படர்க்கையில்தான் பாடல் பேசுகிறது. இருண்ட பள்ளத்தாக்கு வந்ததும் சட்டென்று முன்னிலைக்கு மாறி, அவரிடமே நேராகப் பேசத் தொடங்குகிறது. பயம் வந்த நேரத்தில் மேய்ப்பர் பக்கத்தில் நிற்கிறார் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. துக்க வீட்டில் இந்தப் பாடல் ஆறுதல் தருவதும் இதனால்தான்.

ஆக, இந்த உவமையில் பாரம் முழுக்க மேய்ப்பர் தலையில்தான். பழங்காலத்தில் அரசர்களும் தங்களை மேய்ப்பர் என்று சொல்லிக்கொண்டார்கள். பாபிலோனின் ஹம்முராபி தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் அப்படித்தான் சொல்கிறார். அந்தப் பட்டத்தைச் சும்மா விடவில்லை எசேக்கியேல் தீர்க்கதரிசி. கொழுத்ததைத் தின்றீர்கள், கம்பளியை உடுத்தினீர்கள். காயம்பட்டதற்குக் கட்டுப்போட்டீர்களா, தொலைந்ததைத் தேடினீர்களா என்கிற பொருளில் ஆட்சியாளர்களைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். 34-ம் அதிகாரத்தில் இதைப் பார்க்கலாம்.

தமிழ் மண்ணுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. திருப்பாச்சூரில் இருப்பது தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில். பசு பால் சொரிந்த இடத்தில் லிங்கம் வெளிப்பட்டது என்கிறது தல வரலாறு. உயிர்களைப் பசு என்றும், இறைவனைப் பதி என்றும் சொல்வது சைவ சித்தாந்தம். பெரியபுராணத்தில், சாத்தனூரில் மூலன் என்ற இடையர் இறந்துபோக, மாடுகள் அவர் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. அதைப் பார்த்து மனம் இளகிய யோகிதான் மூலனின் உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆனார். மேய்ப்பவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அந்த மாடுகளைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கத்தோலிக்கர்கள் பிஷப்பை 'ஆயர்' என்கிறார்கள். முல்லை நிலத்து மக்களுக்குச் சங்க இலக்கியம் தந்த பெயர் அது. 'பாஸ்டர்' என்பதும் மேய்ப்பரைக் குறிக்கும் லத்தீன் சொல்தான். இப்படிச் சொல் மேலே மேலே போகிறது. நிஜமாகவே ஆடு மேய்ப்பவருக்கோ கால் வைக்க இடமில்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு நில வகையே உண்டு. ஆனால் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆலைகளும் வீட்டுமனைகளும் பெருகப் பெருக, மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மேய்ப்பவரைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு இந்தப் பாடல் வெறும் வாழ்த்து அட்டைப் படமாகத்தான் தெரியும்.

அடுத்த முறை யாரையாவது 'மந்தை' என்று திட்ட வாய் வந்தால், ஒரு நிமிஷம் நிறுத்தலாம். அந்த மந்தையை மேய்க்க வந்தவர் காயத்துக்குக் கட்டுப்போட்டாரா, தொலைந்ததைத் தேடினாரா என்பதை முதலில் கேட்கலாம்.