எல்லைக்கு உள்ளே ஒரு பச்சை வண்டி

பொதட்டூர்பேட்டையில் பகல் முழுவதும் ஓயாமல் கேட்பது விசைத்தறியின் ஓசை. புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு நாள் தலை வலிக்கும். ஊர்க்காரர்களுக்கோ மின்சாரம் நின்று அது அடங்கும்போதுதான் காதில் ஏதோ குறைவது தெரியும். அந்த ஓசைக்கு நடுவே, தறிக்கொட்டகை ஒன்றை ஒட்டிய தகரக் கூரையின் கீழ், எங்கள் மூவரின் ஞாயிற்றுக்கிழமைகளை மூன்று ஆண்டுகளாக விழுங்கிவரும் ராணுவ ஃபோர்க்லிஃப்ட் ஒன்று நிற்கிறது. நாங்கள் பட்டறைக்காரர்கள் அல்லர். எங்களில் ஒருவர் தறி வைத்திருக்கிறார். ஒருவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதுகிறவர். புத்தகம் பேசுவதற்காகக் கூடிக்கொண்டிருந்தவர்கள், எப்படியோ இரும்பு பேசத் தொடங்கிவிட்டோம்.

தறிக்குப் பழைய பல்சக்கரம் தேடி அரக்கோணம் பக்கத்துக் காயலான் கடை ஒன்றுக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தோம். வேப்பமரத்தடியில், மஞ்சள் பெயின்ட் உரிந்து, பின்சக்கரங்கள் மண்ணில் புதைந்து நின்றிருந்தது. உரிந்த மஞ்சளுக்கு அடியில் பச்சை தெரிந்தது. நகத்தால் சுரண்டியபோது, அச்சுத்தகடு வைத்து அடித்த வெள்ளை எழுத்துகளும், மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும் மங்கலாக வெளிப்பட்டன. ராணுவ வண்டிகளின் எண்ணுக்கு முன்னால் வரும் அதே அம்பு. "மிலிட்டரி ஏலத்துல யாரோ எடுத்து, மில்லுல ஓட்டி, கடைசியா இங்க வந்துச்சு நைனா. கிலோ கணக்குலதான் விலை" என்றார் கடைக்காரர். எடை போட்டபோது மூன்று டன்னைத் தாண்டியது. இரண்டு டன் தூக்கும் வண்டிக்கு ஏன் மூன்று டன் எடை என்று தமிழாசிரியர் கேட்டார். ஏற்றம் இறைத்த ஊர்க்காரர்களுக்கு அதை விளங்கவைப்பது எளிது. ஏற்றத்தில் ஒரு முனையில் சால் இருந்தால் மறுமுனையில் கல்லோ ஆளோ இருந்தாக வேண்டும். ஃபோர்க்லிஃப்டில் முன்சக்கரங்கள்தான் நடுக்கால். பின்னாலிருக்கும் வார்ப்பிரும்புக் கட்டிதான் கல். அந்தக் கட்டிக்கும் சேர்த்துத்தான் நாங்கள் கிலோ கணக்கில் பணம் கொடுத்தோம்.

பீரங்கிக்கும் டாங்கிக்கும் கிடைக்கும் கவனம் இந்த வகை வண்டிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் போர் என்பது பெரும்பாலும் மூட்டை தூக்கும் வேலைதான். அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் 1917இல் தன் தொழிற்சாலைக்குள் சாமான் நகர்த்தவே முதல் சுமைவண்டியைச் செய்தது. ஃபோர்க்லிஃப்டையும், அதன் கவைகள் நுழைய வாகான மரப்பலகைத் தட்டையும் உலகெங்கும் கொண்டுசேர்த்தது இரண்டாம் உலகப்போர். போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் ஆஸ்திரேலியாவில் விட்டுச்சென்ற தட்டுகளையும் தூக்கு வண்டிகளையும் வைத்து அந்நாட்டு அரசு ஒரு பொதுத் தொகுப்பை நிறுவியது. 1958இல் அது தனியார் கைக்கு மாறி, இன்று உலகச் சந்தைகளில் நீலநிறத் தட்டுகளாகப் புழங்குகிறது. எங்கள் வட்டாரமும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. அரக்கோணத்தில் அந்தப் போரின்போது விமானதளம் இருந்தது. 1992 முதல் அங்கே கடற்படையின் ராஜாளி தளம் இயங்குகிறது. ஆவடியில் படைக்கலக் கிடங்கும், 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் உண்டு. எங்கள் வண்டி எந்தக் கிடங்கில் எதைத் தூக்கியது என்று அறிய வழியில்லை. அதன் பெயர்த்தகட்டில் மிஞ்சியவை இரண்டு எண்கள்தாம்: 2000 கிலோ, 500 மில்லிமீட்டர். இரண்டாவது எண், சுமையின் மையம் கவையின் அடிச்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதைச் சொல்வது. அதற்குமேல் தள்ளினால் இரண்டு டன் என்ற வாக்குறுதி செல்லாது.

பழுதுபார்த்த கதையை விரிவாகச் சொன்னால் படிக்கிறவர்கள் ஓடிவிடுவார்கள். சுருக்கமாகச் சொல்கிறோம். எஞ்சின், சென்னை செம்பியத்தின் சிம்ப்சன் டீசல் எஞ்சின். டிராக்டரில் அதன் உறவுமுறைகளைப் பார்த்துப் பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் பள்ளிப்பட்டில் இருந்தார். டீசல் பம்பைக் கழற்றிச் சரிபார்த்து, செல்ஃப் மோட்டாருக்குப் புதிதாகச் சுற்று கட்டி, பதினோராவது வாரம் அதை உறும வைத்தார். தூக்கும் சங்கிலியை நாங்களே அளந்தோம். மூன்று விழுக்காட்டுக்கு மேல் நீண்டுவிட்ட சங்கிலியை மாற்றியே ஆகவேண்டும்; அதாவது முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்பது மில்லிமீட்டர் கூடினாலே அது குப்பை. எங்களுடையது குப்பை. கவையின் குதிகாலில் பத்து விழுக்காடு தேய்ந்தால் அதன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அது எல்லைக்குள் இருந்தது. புதுப்பேட்டையில் சுற்றி ஆயில் சீல்கள் வாங்கி, சிலிண்டரிலிருந்து எண்ணெய் சொட்டுவதை நிறுத்தினோம். கவை எழுந்தது. மூவரும் கைதட்டினோம்.

ஆனால் எழுந்த கவை நின்ற இடத்தில் நிற்கவில்லை. இரவு தோளுயரத்தில் விட்டுப் போனால் காலையில் இடுப்பளவில் இருந்தது. "சிலிண்டர் மேல குத்தமில்ல சார், வால்வு உள்ளுக்குள்ள கசியுது" என்றார் மெக்கானிக். பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஒரு மாலை கவையை உயர்த்தி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன், நான்காம் வகுப்பு படிக்கிறவன், உள்ளே விழுந்த பந்தை எடுக்கக் கவைக்கு நேர் கீழே குனிந்திருந்தான். அவன் தலைக்கும் இரும்புக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். யாரும் கத்தவில்லை. கூப்பிட்டால் நிமிர்ந்துவிடுவானோ என்ற அச்சத்தில் நெசவுக்கார நண்பர் மெல்லப் போய் அவன் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார். "ஏன் மாமா?" என்று கேட்டான். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காப்பீடு என்ற எண்ணம் மறுநாள் காலையில்தான் வந்தது. அச்சம் வந்த பிறகு மனிதர்கள் முதலில் தேடுவது ஒரு ரசீதை.

*

முகவர் நல்ல மனிதர். வந்ததும் வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். பிறகு படிவத்தைத் திறந்து, "அண்ணா, இதுக்கு என்ன பேரு போடறது?" என்றார். அடுத்த இரண்டு மாதமும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடினோம்.

மோட்டார் வாகனம் என்று போட்டால் பதிவுச் சான்று வேண்டும். ராணுவத்திலிருந்து வெளிவந்த வண்டியைப் பதிய, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47ஆம் விதிப்படி, உரிய அதிகாரிகள் படிவம் 21இல் தந்த அசல் விற்பனைச் சான்று தேவை. அது முதலில் ஏலம் எடுத்தவரோடு போய்விட்டது. பழம்பெருமை வாய்ந்த வண்டி என்று போடலாமா? 2021இல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண்வரிசை தருகின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். எங்களுடையதற்கும் சக்கரம் நான்குதான் என்று தமிழாசிரியர் ஆர்வத்தோடு எண்ணிக் காட்டினார். வயதை மெய்ப்பிக்க ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள் இன்னும் கறாரானவை. 31-12-1940க்கு முன் தயாரான கார்களை மட்டுமே அவை விண்டேஜ் என்று ஏற்று, உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடித்த மதிப்புக்குக் காப்பீடு செய்ய இடம் தந்தன.

ஒப்பந்ததாரர் இயந்திரக் காப்பீடு என்று ஒன்று உண்டு. புல்டோசர், கிரேன் போன்றவற்றுக்கானது. அதில் எழுத வேண்டிய தொகை, அதே திறனுள்ள புதிய இயந்திரத்தின் விலை. முற்றிலும் அழிந்தால் கிடைப்பதோ, அழியும் தருணத்தில் பழையதற்கு இருந்த மதிப்பு. புதியதன் விலைக்குப் பிரீமியம் கட்டிக் காயலான் கடை விலையைப் பெறுவதில் கணக்கெழுதும் நண்பருக்கு உடன்பாடில்லை. வீட்டுக் காப்பீடு, வீட்டையும் வீட்டுச் சாமான்களையும் காக்கும். மூன்று டன் எடையுள்ளதை வீட்டுச் சாமான் என்று எழுத முகவருக்கே கை வரவில்லை.

இந்த அலைச்சலில்தான் சட்டத்தின் ஒரு வரியை நாங்கள் கவனித்துப் படித்தோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(28), தொழிற்சாலையிலோ வேறு அடைப்புள்ள வளாகத்திலோ மட்டும் பயன்படுத்துவதற்கென அமைந்த தனிவகை வண்டி மோட்டார் வாகனமே அல்ல என்கிறது. அதே சட்டத்தின் கீழ் வந்த விதிகளோ, சாலையிலும் ஓடத்தக்க ஃபோர்க்லிஃப்டைக் கட்டுமான வண்டிகளின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கின்றன. ஒடிசாவில், பொலானி சுரங்கத்துக்குள் ஓடும் வண்டிகள் மோட்டார் வாகனங்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1974இல் தீர்ப்பானது. ஆக, எங்கள் கேள்வி புதிதல்ல, கேட்டவர்கள்தாம் பெரியவர்கள்.

இன்னொரு விதியையும் அப்போதுதான் அறிந்தோம். விதி 121, பாதுகாப்புத் துறைக்கு உரியவை அல்லாத எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது. ராணுவ ஜீப்பை அங்குலம் அங்குலமாக மீட்டெடுக்கும் ஆர்வலர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. விண்டேஜ் விதி வண்டி அதன் மூலவடிவில் இருக்கவேண்டும் என்கிறது. மூலவடிவின் நிறத்தை இந்த விதி தடுக்கிறது. எங்களுக்கு மட்டும் ஒரு சந்து இருந்தது. வளாகத்துக்கு உள்ளேயே கிடந்தால் எங்கள் வண்டி மோட்டார் வாகனம் அல்ல. எனவே அது பச்சையாக இருக்கலாம். கேட்டைத் தாண்டிச் சாலையில் ஓட்டினால் அது வாகனம். பதிவும் காப்பீடும் வேண்டும், பச்சையும் போகவேண்டும். இரும்பு மாறுவதில்லை, ஒரு கோட்டைத் தாண்டினால் பெயர் மாறிவிடுகிறது.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தில் இருந்தது. பிறகு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ம.பொ.சி.யின் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் வரலாற்றில் உள்ளன. எங்கள் முன்னோர் ஓர் இரவில் மாநிலம் மாறினார்கள். வீடும் தறியும் நின்ற இடத்திலேயே நின்றன, காலையில் அதே தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சோடு பாவு ஓட்டினார்கள்.

*

கடைசியில் வழி தறிக்கொட்டகையிலேயே இருந்தது. 2021இல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, மதிப்பு ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழிலிடங்களுக்கான தீக்காப்பீடு. நண்பரின் கொட்டகைக்கு அது ஏற்கெனவே இருந்தது. இயந்திரங்களின் பட்டியலில் தறிகளுக்குக் கீழே முகவர் ஒரு வரி சேர்த்தார்: "சுமை தூக்கும் இயந்திரம் – 1." எதிரே எழுதிய தொகை, காயலான் கடையில் நாங்கள் கொடுத்ததைவிட அதிகம், அதன்பின் செலவழித்ததைவிடக் குறைவு. "ஆனா ஒண்ணுண்ணா, பட்டியல்ல இருந்தா அது வேலை செய்யணும். சும்மா அழகுக்கு நிக்கக்கூடாது" என்றார். நியாயம்தான். இப்போது நான்கு பேர் சேர்ந்து தூக்கிய பாவு பீம்களை அது காலைதோறும் தூக்குகிறது. பொழுதுபோக்காக வாங்கியது வேலைக்காரனாகிவிட்டது. தறி ஓட்டுகிற பெரியவர் ஒருவர், இருபது ஆண்டு முன்னால் இது வந்திருந்தால் தன் இடுப்பு பிழைத்திருக்கும் என்று ஒருநாள் சொன்னார். எங்கள் மூன்றாண்டு விளையாட்டுக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை அதுதான்.

எல்லாம் முடிந்து பாலிசியை முழுக்கப் படித்தபோது ஒன்று உறைத்தது. தீ, புயல், வெள்ளம் என்று பலவற்றிலிருந்தும் அது இயந்திரத்தைக் காக்கிறது. இயந்திரத்திடமிருந்து பையனைக் காக்கும் வரி அதில் இல்லை. பொது இடத்தில் ஓட்டினால் மூன்றாம் நபர் காப்பீட்டைப் பிரிவு 146 கட்டாயமாக்குகிறது. கேட்டுக்கு உள்ளே அந்தக் கட்டாயம் எங்களுக்கு இல்லை. நாங்கள் அலையத் தொடங்கியது அந்த ஒரு முழ இடைவெளிக்காக. இரண்டு மாதம் அலைந்து இரும்புக்குப் பாதுகாப்பு வாங்கி வந்திருந்தோம். சட்டம் விட்டுவிட்ட இடத்தில் பொறுப்பு குறைவதில்லை, முழுவதும் நம் தலையில் விழுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. பொறுப்புக் காப்பீடு தனியே எடுக்க முகவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் நாங்கள் செய்தவை எளியவை. வால்வை மாற்றினோம், சுண்ணக்கட்டியால் கோடு போட்டு ஓர் இரவு முழுக்கக் கவை இறங்காததைப் பார்த்தோம். வேலை முடிந்தால் கவை தரையைத் தொடவேண்டும், சாவி நண்பரின் இடுப்பில் இருக்கவேண்டும், பேட்டரி இணைப்பு கழற்றப்படவேண்டும். பந்து உள்ளே விழுந்தால் பெரியவர்கள்தாம் எடுத்துத் தருவது.

சென்ற ஆயுத பூஜைக்குத் தறிகள் ஓய்ந்திருந்தன. வண்டிக்குப் புதிதாகப் பச்சை பூசி, பொட்டிட்டு, இருபுறமும் வாழைக்கன்று கட்டினோம். ஊர்வலமாகத் தெருவில் கொண்டுபோகலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். சட்டத்தை விளக்கினோம், நம்பவில்லை. சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பையனே கேட்டு வாங்கிக்கொண்டான். வைத்துவிட்டு, நாங்கள் சொல்லாமலே தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான். வண்டி மூன்றடி முன்னே நகர்ந்து, கேட்டுக்கு இப்பாலேயே நின்றது.