பிடிமானம்

சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். தென்னேரி வீட்டில் அவர் விட்டுச்சென்ற, இசுசு எஞ்சின் பொருத்திய அம்பாசடரை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒருமுறையேனும் நேர்கோட்டில் விரட்டிப் பார்க்க ஆசை.

கிளட்சைச் சட்டென விட்டால் பின்சக்கரங்கள் துள்ளின. எதிர்முறுக்கு அச்சைத் திருக, லீஃப் ஸ்பிரிங் நெளிந்து மீள்வதால் வரும் துள்ளல் அது. அடியில் டிராக்‌ஷன் பார் பற்றவைக்கலாம் என்றார் மெக்கானிக். அம்பாசடருக்குத் தனிச்சட்டம் கிடையாது, உடலேதான் சட்டம். அதன்மேல் வெல்டிங் பொறி விழ என் மனம் ஒப்பவில்லை.

ஸ்பிரிங்கோடு யூ-போல்ட்டால் இறுக்கி, முன்முனையில் ரப்பர் கட்டை தாங்கும் வகையைத் தேர்ந்தோம். துள்ளல் அடங்கியது, வேகம் பெரிதாகக் கூடவில்லை. தடத்துக்கு இன்னும் போகவில்லை. வேண்டாமென்றால் நாளையே கழற்றிவிடலாம். வண்டி அப்பாவுடையதாகவே இருக்கும்.