நூற்று எண்பத்தாறில் ஒன்று

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

இவ்வாண்டு பள்ளி மாணவ மாணவியருக்கென நடத்தப்பட்ட ஒரு புகைப்படப் போட்டிக்கு நம் பள்ளியின் சார்பில் படம் அனுப்பும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தலைப்பு ‘உழைப்பு’. ஒருவர் ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம். நான் எடுத்தவையோ 186. எடுப்பதற்கு மூன்று சனிக்கிழமைக் காலைகள் போதுமானவையாக இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பதினொரு நாட்கள் பிடித்தன. எடுத்த கதையைவிடத் தேர்ந்தெடுத்த கதையே சுவையானது என்று தோழிகள் கூறியதால் அதையே இங்கு எழுதத் துணிந்தேன்.

சேலத்திலிருந்து ஆத்தூர்ப் பக்கம் போனாலும் ராசிபுரம், நாமக்கல் பக்கம் போனாலும், பேருந்துச் சன்னலோரம் அமர்ந்தவர்கள் சாலைக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் சிமெண்டுக் களங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜவ்வரிசி காய்கிறது. குச்சிக்கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, அரைத்துப் பாலெடுத்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளியவைத்து, அடியில் படிந்த மாவைக் குலுக்கி முத்தாக்கி, சூடான தட்டில் வறுத்து, பிறகு களத்தில் கொட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். பாயசத்தில் மிதக்கும்போது இவ்வளவும் நமக்குத் தெரிவதில்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் பெரியம்மா அத்தகைய களம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஆகவே ‘உழைப்பு’ என்றதும் எங்கே போவது என்று நான் யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

முதல் சனிக்கிழமை எடுத்த படங்களில் ஜவ்வரிசியெல்லாம் சாம்பல் கொட்டியது போல இருந்தது. இயற்பியல் ஆசிரியை சிஸ்டர்தான் காரணத்தை விளக்கினார். தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது சராசரியாகச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கேமரா வெளிச்சத்தை அளக்குமாம். வெள்ளைக் களத்தைக் காட்டினால் ‘இது மிகவும் பிரகாசம்’ என்று மயங்கி, தானே குறைத்துவிடுமாம். அடுத்த வாரம் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைத்தேன். ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் முத்துகள் ஒன்றோடொன்று கரைந்து வெறும் காகிதம் போலாகிவிடுகின்றன. அப்படிப் போன வெள்ளையைப் பிறகு எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடிவதில்லை. என் தந்தையார் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். அவர் படங்களைப் பார்த்துவிட்டு, “வெள்ளையிலயே பத்து வெள்ளை இருக்குது அம்மிணி, நீ ஒண்ணுதான் காட்டியிருக்கே” என்றார். சிஸ்டர் அரை மணி நேரம் விளக்கியதை அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்! (சிஸ்டர் மன்னிப்பாராக.)

இனி, தேர்வுக்கு வருகிறேன். ஆடியவை, கண் மூடியவை, ஒன்றைப் போலவே மற்றொன்று இருந்தவை என்று கழித்ததில் முதல் மாலையே 186 என்பது 41 ஆயிற்று. அது எளிது. மறுநாள் 41 என்பது 12 ஆனதும் வேலை நின்றுபோயிற்று. எதைப் பார்த்தாலும் நல்லதாகவே தோன்றியது. சிஸ்டர் அந்தப் பன்னிரண்டையும் அஞ்சலட்டை அளவில் அச்சிடச் செய்து, மூன்று நாள் கண்ணிலேயே படாமல் மேசை அறைக்குள் பூட்டிவைத்தார். நான்காம் நாள் எடுத்து விடுதியின் சாப்பாட்டு மேசைமேல் தலைகீழாகப் பரப்பச் சொன்னார். தலைகீழாகப் பார்த்தால் ஆளும் முகமும் மறந்துபோய், வெளிச்சம் எங்கே, இருள் எங்கே, கண் எங்கே போய் முட்டுகிறது என்பது மட்டுமே தெரிகிறது. தோழியர் நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள். பன்னிரண்டில் ஒன்பது அங்கேயே விழுந்துவிட்டன.

மிஞ்சிய மூன்று இவை. முதலாவதில், கதிரவன் எழும் நேரத்தில் மூன்று பெண்கள் குனிந்து முத்துகளைக் கிளறுகிறார்கள். முகம் தெரியாது, உருவம் மட்டுமே கறுப்பாகத் தெரியும். இரண்டாவதில் பெரியம்மாவின் முகம் படம் முழுவதையும் நிறைத்திருக்கிறது. முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார், இமையோரம் ஒரு துளி மின்னுகிறது. மூன்றாவதில் அவர் கிளறும் பலகைக் கோலை ஊன்றிக்கொண்டு நேரே நம்மைப் பார்த்துப் பாதி சிரிப்போடு நிற்கிறார். பின்னால் களம் நீண்டு கிடக்கிறது. ஓரத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம்.

விடுதியில் ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டாவது படத்திற்கே பெரும்பான்மை. “நடுவர்களுக்குக் கண்ணீர்தான் பிடிக்கும்” என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அவள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை.

படங்களைப் பெரிதாக்க அப்பாவோடு நகரத்து ஸ்டூடியோ ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் மூன்றாவது படத்தைக் கணினியில் விரித்ததுமே, “இந்தக் குடம் கண்ணை உறுத்துது பாப்பா. ரெண்டு நிமிசம், எடுத்துடலாம்” என்றார். விரலால் ஒரு வட்டம் போட்டால் கைப்பேசியே அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இல்லாத ஜவ்வரிசியைப் பரப்பியும் தருகிற காலம் இது. ஆனால் போட்டி விதித்தாளில் தெளிவாக எழுதியிருந்தது: வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், கோணலை நிமிர்த்தலாம். இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. கேமராவில் பதிவான அசல் கோப்பையும் உடன் அனுப்பவேண்டும். இது வெறும் மிரட்டல் அன்று. 2015ஆம் ஆண்டு ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அசலோடு ஒப்பிட்டபின் தள்ளப்பட்டுவிட்டன.

அப்படியானால் திருத்தியது பொய், திருத்தாதது மெய் என்று கொள்ளலாமா? நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் நம் தமிழகத்துப் படம் ஒன்றே என் எண்ணத்தைக் குழப்பிவிட்டது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டிக்கு 2023இல் 95 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 50,000 படங்கள் வந்தன. அதில் ஒரு பிரிவில் வென்றவர் ஸ்ரீராம் முரளி. ஆனைமலைப் புலிகள் காப்பகத்து இருட்டில் மின்மினிகள் மின்னியதை, ஒவ்வொன்றும் 19 விநாடி நீளும் 50 பதிவுகளாக எடுத்து ஒரே படமாக இணைத்திருந்தார். சுமார் 16 நிமிடம் காடு மின்னியது ஒரு தாளில் அடங்கியிருந்தது. ஐம்பதை ஒன்றாக்கிய அந்தப் படம் மெய். ஏனெனில் அத்தனை மின்மினிகளும் அங்கே, அந்த நேரத்தில் உண்மையாகவே மின்னின. எப்படி எடுத்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதே போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படம் ஒன்று 2018 ஏப்ரலில் தகுதி இழந்தது. அந்த விலங்கு பஞ்சடைத்த பொம்மை என்று அருங்காட்சியகத்தின் வல்லுநர்கள் முடிவு செய்தார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். அங்கே சிக்கல் கணினித் திருத்தத்தில் இல்லை, கேமராவுக்கு முன்னால் இருந்ததில்தான்.

இதைப் படித்த பிறகு இரண்டாவது படத்தை, அந்தக் கண்ணீர்த் துளிப் படத்தை, மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போய் மூன்றையும் அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நான் அழுவவே இல்லையே கண்ணு. வெள்ளை வெயிலு கூசுச்சு, தொடச்சேன். இதைப் பாத்தா வூட்ல சண்டை போட்டுட்டு வந்து நிக்கறவளாட்டம் இல்ல இருக்குது!”

பிறகு மூன்றாவது படத்தின்மேல் விரலை வைத்தார். அந்தக் குடத்தை எடுத்துவிடலாம் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதைச் சொன்னேன். “கொடம் இல்லாம அந்த வெயில்ல எப்படி நிக்கறது? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது” என்று சிரித்தார்.

வரலாற்றுப் பாடத்திற்காக நூலகத்தில் புரட்டிய ஒரு புத்தகத்தில், அமெரிக்காவில் டோரதியா லாங்கே 1936 மார்ச்சில் எடுத்த ஏழைத் தாயின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். உலகப் புகழ் பெற்ற படம் அது. கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு பெருவிரல் படத்தின் ஓரத்தில் தெரிந்ததாம். அதைப் பின்னர் நெகடிவிலேயே மறைத்துவிட்டார்கள். விரல் போனதைவிட என்னை வருத்தியது வேறொன்று: எடுத்தவர் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவேயில்லை. பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அவர் பெயர் வெளியுலகுக்குத் தெரிய 1978 வரை, அதாவது 42 ஆண்டுகள் ஆயின. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனம் நொந்து கூறினார். படம் எடுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் எடுத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் அந்த 42 ஆண்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது படத்தையே அனுப்புவதென்று முடிவு செய்தேன். விடுதித் தோழிகளுக்கு இதில் சிறிது மனத்தாங்கல்தான். பரிசை நானே கையால் தள்ளிவிட்டேன் என்றார்கள். போகட்டும். படத்தின் வானத்தில் அரை விரற்கடை வெட்டினேன். அடிவானம் இடப்பக்கம் சரிந்திருந்ததை நிமிர்த்தினேன். முகத்தின்மேல் விழுந்த நிழலைச் சற்றே வெளுக்கச் செய்தேன். முத்துகளில் பத்து வெள்ளை இல்லாவிட்டாலும் நான்கைந்தாவது தெரியும்படி வெளிச்சத்தை இறக்கினேன். குடம் குடமாகவே இருக்கிறது.

விண்ணப்பத்தில் படவிளக்கத்துக்கு இரண்டு வரி விட்டிருந்தார்கள். ‘சேகோ ஆலைத் தொழிலாளி’ என்று எழுதினாலே போதும், நம் பள்ளிப் பெயரும் கீழே வருகிறதே என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்பது எனக்கும் புரிந்தது. பெரியம்மாவின் முழுப் பெயரையும், அவர் வேலை செய்யும் ஆண்டுகளையும், ‘என் பெரியம்மா’ என்பதையும் எழுதினேன். வரி இரண்டும் நிறைந்துவிட்டன. சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் பெரியம்மா கையை இரண்டு தரம் புடவையில் துடைத்துக்கொண்டார்.

இம்மலர் அச்சுக்குப் போகும்வரை போட்டியின் முடிவு வெளிவரவில்லை. படத்தின் பிரதி ஒன்றைச் சட்டமிட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அதை அவர் களத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினாராம். கூட வேலை செய்யும் பெண்கள், “எங்க படமெல்லாம் எங்கே?” என்று கேட்கிறார்களாம். வருகிற சனிக்கிழமை அந்த முதலாவது படத்தை மூன்று பிரதி அச்சிட்டு எடுத்துப்போக வேண்டும். முகம் தெரியாத அந்த உருவங்களில் யார் யார் என்று அவர்களே சொல்லட்டும்.