கொதித்தாலும் போகாதது



உரும்பிராயில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளது குசினியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமைதான். தண்ணீர்ப் பானைக்கு மூடி, அள்ளுவதற்கு நீண்ட பிடியுள்ள அகப்பை, மலசலகூட வாசலில் சவர்க்காரம். பேரப்பிள்ளை கை கழுவாமல் வந்தால் பிஸ்கட் கிடையாது.

“உங்கட சமயத்திலயும் உதெல்லாம் சொல்லியிருக்குத்தானே?” என்று ஒருநாள் கேட்டாள். தூங்கி எழுந்தவர் மூன்று முறை கழுவாமல் பாத்திரத்துக்குள் கையை விடலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பானையிலோ கோப்பையோடு விரலும் போய்வரும்! வெட்கமாகிவிட்டது.

ஐவேளை வுழூச் செய்கிறோமே, போதாதா என்பீர்கள். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகச் சவர்க்காரம் கொடுத்துக் கைகழுவப் பழக்கினார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றோட்டமும், 5 வயதுக்குட்பட்டோரின் நிமோனியாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2005இல் அந்த ஆய்வு வெளியானது. அவையும் நம்மவர் வீடுகள்தானே!

ஆனால் அத்தனை கவனமான தோழியின் வீட்டில்தான் நான் இன்னொன்றையும் அறிந்தேன். மகளின் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அவள் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைப்பாள். குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவமாது, “கிணறு எங்கே?” என்று கேட்டார். ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், மறுபக்கம் மலக்குழி.

நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கித்தான் கிணற்றில் ஊறுகிறது. தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அதே வழியில் இறங்குகின்றன. அவற்றால் சேரும் நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீட்டருக்கு 50 மில்லிகிராம். அது மிகுந்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க மாட்டாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

தோழி அழுதுவிட்டாள். “பிள்ளைக்கு நல்லதெண்டுதானே செய்தனான்!” என்றாள். குழந்தைக்கு ஒன்றுமாகவில்லை. தாய்ப்பாலை விடாமல் கொடுக்கும்படி சொல்லிப் போனார் மருத்துவமாது. இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிக் குர்ஆன் (2:233) கூறுவது எனக்கு அப்போதுதான் வேறு விதமாக விளங்கிற்று.

1990இல் நாங்கள் விட்டுப்போன சோனகத்தெரு வீட்டுக்கு மீண்டு வந்ததும் கிணற்றை இறைத்து, குளோரின் இட்டு, “அல்ஹம்துலில்லாஹ், சுத்தமாகிவிட்டது” என்றிருந்தேன். குளோரினும் நைத்திரேற்றை நீக்காதாம். மருமகளுக்கு இது எட்டாம் மாதம். பரிசோதனைக்குக் கொடுக்கவென்று நேற்று ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.