பூவார் வரை துணைக்கு

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் நுழைந்ததும், ஜன்னலோரம் சுழன்ற காற்றாலைகளைக் கண்டு அந்த இத்தாலியப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பதினேழு வயது. ஒரு கல்வியாண்டு நம் ஊர்க் குடும்பமொன்றில் தங்கிப் படிக்க வந்திருக்கிறாள். எழும்பூரில் அவளை ரயிலேற்றிவிட்டவர் ஒரு தன்னார்வலர். துணைக்கு வருவது நான். பாறசாலை நடைமேடையில் இன்னொருவர் காத்திருப்பார். எங்களில் யாருக்கும் சம்பளம் இல்லை; அவளை ஏற்றுக்கொள்ளும் வீட்டாருக்கும் இல்லை.

இந்த வழக்கத்தின் வேர் ஒரு போர்க்களத்தில் இருக்கிறது. 1915இல் பியட் ஆண்ட்ரூ என்ற அமெரிக்கர் பிரான்சில் ஆம்புலன்ஸ் சேவை ஒன்றை அமைத்தார். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தாமாக முன்வந்து காயம்பட்ட வீரர்களை வண்டியில் ஏற்றி மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இதே அமைப்பின் ஓட்டுநர்கள் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, நம் பர்மா எல்லை வரை வந்தார்கள். போர் முடிந்தபின் அவர்கள் கலைந்து போகவில்லை. ஸ்டீபன் கலாட்டி தலைமையில் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பி, குடும்பங்களோடு தங்கவைக்கத் தொடங்கினார்கள். அது 1947. ஏ.எஃப்.எஸ். என்று இன்று அறியப்படும் அமைப்பு அதுதான். அடிபட்டவனைச் சுமந்த கைகளே முன்பின் தெரியாத பிள்ளைகளையும் வீடு கொண்டு சேர்த்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நாகர்கோவிலுக்குப் பிறகு நிலம் மாறியது. மேட்டில் ரப்பர், பள்ளத்தில் வாழை, எங்கும் தென்னை. குழித்துறை தாண்டி பாறசாலை வந்தால் கேரளம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இங்குள்ள ஆட்டோக்காரர்களின் பேச்சைக் கேட்டால் அப்படியொரு எல்லைக்கோடு இருப்பதாகவே தெரியாது. பாதி தமிழ், பாதி மலையாளம்.

பாறசாலையில் எங்களை எதிர்கொண்டவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முதல் காரியமாக அந்தப் பெண்ணை அவள் அம்மாவிடம் தொலைபேசியில் பேசச் சொன்னார். அடுத்து பாஸ்போர்ட்டைச் சரிபார்த்தார். இந்தியா வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதை நினைவூட்டினார். வழியில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் இருக்கும் அம்மச்சிப் பிலாவின் கதையைச் சொன்னார். எதிரிகள் துரத்தியபோது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அந்தப் பலாமரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது அவ்வூர் நம்பிக்கை. அவள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகுமுன், நெய்யாறு கடலைச் சேரும் பூவாரைப் பார்த்துவிடலாம் என்று படகேறினோம். அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு இங்கே அவசரமே இல்லாமல் கிடக்கிறது. இருபுறமும் கண்டல் மரங்கள் நீருக்குள் வேரூன்றி நிற்க, படகு ஒரு பச்சை இருட்டுக்குள் போனது. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் சட்டென்று வெளிச்சம்! எதிரே நீண்ட மணல் திட்டு. இந்தப் பக்கம் கண்ணாடிபோல் ஆறு. அந்தப் பக்கம் அரபிக்கடல் ஓங்கி ஓங்கி அறைகிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் இந்தத் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். பிறகு கடலே மணலைக் கொண்டுவந்து மூடிவிடும் என்றார் படகுக்காரர். கரையில் அவள் வெகுநேரம் பேசாமல் நின்றாள். நானும்தான். இவ்வளவு அருகில் இரண்டு நீரும் இரண்டு குணத்தோடு இருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அவளை ஏற்றுக்கொள்ளும் வீட்டு அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வா மோளே, கேறி இரி" (வா மகளே, உள்ளே வந்து உட்கார்) என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வந்தன. காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய, அவள் இன்னொரு கரண்டி கேட்டாள். ஆசிரியர் தன் எண்ணைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டினார். எந்த நேரமும் கூப்பிடலாம் என்றார்.

விமானம் அவளைக் கண்டம் தாண்டிக் கொண்டுவந்துவிட்டது. ரயில் நிலையத்திலிருந்து ஒரு வீட்டு அடுப்படி வரையுள்ள சொச்ச தூரத்துக்குத்தான் மனிதர் தேவைப்படுகிறார்கள். உங்கள் ஊருக்கும் இப்படிப் பிள்ளைகள் வரக்கூடும். மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். நடைமேடையில் போய் நில்லுங்கள்.